குரைப்பியல்: 600041-ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

ஆய்வேடு என்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். இந்த ஆய்வுக்கு வடக்கே திருவான்மியூர், தெற்கே பாலவாக்கம், கிழக்கே வங்கக் கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கில் எப்படிக் கிழக்குச் சாலை வரும் என்று கேட்பவர்கள் கொட்டிவாக்கத்துக்குப் புதியவர்கள். ஊராட்சியாக இருந்த இந்த ஊர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இணைப்பைப் பற்றி நாய்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. அவை இன்றும் பழைய எல்லைகளையே கம்பத்துக்குக் கம்பம் காத்துவருகின்றன.

ஆய்வுக் காலம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. இது ஆய்வாளரின் வசதிக்காக வைத்தது அல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ‘இரவு’ என்பதற்குத் தரும் இலக்கணமே இதுதான். அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு விதிகள் வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2012-இல் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் குரைத்து கின்னஸ் ஏறியது 113.1 டெசிபலில். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. அதனால் இரண்டுக்கும் இடையே ஒலியாற்றலில் உள்ள வித்தியாசம் 60 லட்சம் மடங்குக்கும் மேல். கொட்டிவாக்கத்தில் சார்லி இல்லை என்பது இந்த ஆய்வின் முதல் நற்செய்தி.

தரவு சேகரிக்க ஆய்வாளர் தனியாக முயற்சி எதுவும் எடுக்கவில்லை. தரவு தானாகவே ஜன்னல் வழியாக வந்தது.

முன்னாய்வுகள்

தமிழர்கள் நாயை இலக்கணத்தில் கட்டிப்போட்டவர்கள். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டிக்குக் ‘குருளை’ என்று பெயர் வகுத்திருக்கிறது. சங்கப் பாட்டில் அது ஞமலி, ஞாளி என்றெல்லாம் வருகிறது. நாய் உறுமும், முனகும், ஊளையிடும், குரைக்கும். நான்குக்கும் நான்கு வினைச்சொற்கள் உண்டு. குரைப்புச் சத்தத்தை ‘லொள்’ என்று எழுதும் இதே மொழி, அடுத்தவரைச் சீண்டும் பேச்சை ‘லொள்ளு’ என்கிறது. நள்ளிரவு 2 மணிக்கு விழித்துப் படுத்திருப்பவருக்கு இந்த இரண்டு சொற்களும் ஒன்றாகவே தெரியும்.

மேலைநாட்டார் எண்ணுவதில் இறங்கினார்கள். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு காக்கர் ஸ்பேனியல் 10 நிமிடத்தில் 907 முறை குரைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஒன்றரைக் குரைப்பு. 907 வரை விடாமல் எண்ணிய அந்தப் பொறுமைசாலிக்கு உரிய கௌரவம் கிடைத்ததா என்பது வேறு ஆய்வுக்குரியது.

அடுத்து வந்தவர்கள் அர்த்தம் தேடினார்கள். கலிஃபோர்னியாவில் சோஃபியா யின் 10 நாய்களின் 4,672 குரைப்புகளை அலசினார். அந்நியரைக் கண்ட குரைப்பு கனத்தது, இடைவெளியில்லாமல் வந்தது. தனியே அடைபட்ட நாயின் குரைப்பு மெலிந்தது, விட்டு விட்டு வந்தது. புடாபெஸ்ட்டில் பொங்ராட்ஸ், மிக்லோஷி குழுவினர் முடி என்ற ஹங்கேரிய இனத்தின் குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள் (முடி என்பது இனத்தின் பெயர், அதற்கு முடியும் உண்டு). எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதைக் குருட்டாம்போக்கில் சொன்னால் வரும் அளவைவிட நன்றாகவே மனிதர்கள் சொன்னார்கள். நாய் வளர்த்தவர்களுக்கும் வளர்க்காதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, “எங்க நாயை எங்களுக்குத்தான் தெரியும்” என்ற வாதம் புடாபெஸ்ட்டிலேயே தள்ளுபடி ஆகிவிட்டது. நாய் வளர்க்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது என்ன சொல்கிறது என்று ஏறக்குறைய தெரியும்.

ஜப்பானின் டகாரா நிறுவனம் 2002-இல் ‘பவ்லிங்குவல்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாயின் கழுத்துப் பட்டையில் மைக், நம் கையில் திரை. குரைப்பை ஆறு உணர்ச்சிகளாகப் பிரித்துச் சொல்லும். அந்த ஆண்டின் இக் நோபல் பரிசு, அதுவும் சமாதானத்துக்கான பரிசு, அதற்குத்தான் போனது. கொட்டிவாக்கத்தில் அந்தக் கருவி தேவைப்படவில்லை. இங்கே தெருவே மொழிபெயர்த்துவிடும்.

கருதுகோள்: கேட் கோட்பாடு

தனி வீட்டு கேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நாயின் நாட்குறிப்பைப் பார்ப்போம். விடியுமுன் ஆவின் பால் போடுபவர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் போய்விடுகிறார். பேப்பர் போடுபவர் வருகிறார், குரைக்கிறது, போய்விடுகிறார். மீன்காரம்மா, கொரியர், தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், இரவில் ஸ்விக்கி என்று எல்லோரும் வருகிறார்கள், எல்லோரும் போகிறார்கள். அவர்கள் வேலை முடிந்து போனார்கள் என்பது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வந்தான், குரைத்தேன், போனான். ஒரு நாளில் பத்துப் பேர் என்றால் பத்தும் வெற்றி. இப்படி நூற்றுக்கு நூறு வெற்றி கண்ட தொழிலை யார் விடுவார்?

கடற்கரைக் கிளையிலும் இதே கணக்குதான். ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஆமைப் பருவத்தில், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து, ஆலிவ் ரிட்லி ஆமைகள் இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். 1988 முதல் நடக்கும் வேலை இது. விட்டுவைத்தால் அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பவர்களில் தெருநாய்களும் உண்டு. நடை கொட்டிவாக்கம் குப்பத்தைத் தாண்டும்போது நள்ளிரவு கடந்திருக்கும். நாய்கள் குரைக்கும். தொண்டர்கள் வடக்கே போய்விடுவார்கள். நாய்களின் பதிவேட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோல்வியே இல்லை.

கேட் கோட்பாட்டுக்குள் அடங்காத ஒரு வகையும் உண்டு. காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்குப் போகிறவர்களின் நாய், தனிமை தாங்காமல் மாலை வரை குரைக்கும். இதில் ஒரு ஆய்வியல் சிக்கல் இருக்கிறது.

“சார், உங்க டைகர் நாள் பூரா குரைக்குது.”

“எங்க டைகரா? சான்ஸே இல்ல சார். நாங்க இருக்கிறப்ப ஒரு சத்தம் போடாது.”

இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். தெரு முழுக்கக் கேட்ட குரைப்பைக் கேட்காத ஒரே ஆள் அதன் உரிமையாளர்.

சிகிச்சை முறைகள்: ஒரு மதிப்பீடு

முதல் முறை, மாடியிலிருந்து “ஏய், சும்மா இரு!” என்று கத்துவது. ஊரில் அதிகம் வழங்கும் முறையும் இதுதான், குறைந்த பலன் தருவதும் இதுதான். தான் குரைத்தவுடன் தலைவரும் சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பிஸ்கட். குரைக்கும்போது போட்டால் அது சம்பளம். ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பத்தாம் நாள் தாங்காமல் போட்டால் இன்னும் மோசம். எப்போதாவது கிடைக்கும் பரிசுக்காகத்தான் லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். அதே பாடத்தை நாயும் படித்துவிடும்.

மூன்றாவது, கழுத்துப் பட்டை. குரைத்தால் மின்சாரம் பாய்ச்சும் பட்டையை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. பயந்த நாய்க்கு வலியும் சேர்ந்தால் பயம் இரட்டிப்பாகும்.

நான்காவது, 1913-க்கு போன் போட்டு மாநகராட்சியைக் கூப்பிடுவது. தெருநாயைப் பிடித்துப் போய்க் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். விதி அப்படி. இணை தேடும் காலத்துச் சண்டைக் கூச்சல் குறையும். பால்காரரைக் கண்டால் வரும் குரைப்பு குறையாது. காது வெட்டுப்பட்டதே தவிர, அவர் சைக்கிள் சத்தம் அதற்கு நன்றாகவே கேட்கும்.

ஐந்தாவது, குடியிருப்போர் சங்கக் கூட்டம். இங்கேதான் கொட்டிவாக்கம் தேசிய முக்கியத்துவம் பெறுகிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், பிறகு 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. அந்தச் சட்டத்தின்படி 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் திருவான்மியூர் வால்மீகி நகரில் இருந்தது. அஞ்சல் குறியீடு 600041. கொட்டிவாக்கத்துக்கும் அதே எண்தான். 2015 பிப்ரவரியில் அந்த வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரம்: பெரும்பான்மையினர் கைதூக்கினாலும் வளர்ப்பு நாயைச் சங்கம் தடை செய்ய முடியாது, குரைப்பு அதற்குத் தக்க காரணம் ஆகாது, ஆனால் அக்கம்பக்கத்தாரை நினைத்து, முக்கியமாக இரவில், நாயை அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் முயல வேண்டும். ‘முயல வேண்டும்’ என்ற சொல்லைச் சங்கக் கூட்டங்களில் ஒரு தரப்பு உரக்கப் படிக்கும், மறு தரப்பு மெல்லப் படிக்கும்.

பரிந்துரைகள்

கேட் கோட்பாடு சரியென்றால் மருந்தும் கேட்டில்தான் இருக்கிறது. கம்பி கேட்டில் ஒரு ஷீட் அடித்துத் தெருவை மறைத்துவிட்டால் நாயின் பணிச்சுமை பாதியாகும். பிஸ்கட்டைக் குரைப்புக்குத் தராமல், குரைப்பு நின்ற அந்த சில நொடி மௌனத்துக்குத் தர வேண்டும். முதலில் மூன்று நொடி, பிறகு பத்து நொடி என்று நீட்டலாம். தண்ணி கேன் போடும் தம்பியின் கையில் நாலு பிஸ்கட் கொடுத்து அவரையே போடச் சொன்னால், ஒரு மாதத்தில் எதிரி விருந்தாளி ஆகிவிடுவார். காலையும் மாலையும் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்த நாய்க்கு, இரவில் குரைக்கத் தெம்பு குறையும். மொட்டை மாடியில் தனியே கட்டக் கூடாது. வயதான நாய் திடீரென இரவில் குரைக்கத் தொடங்கினால் பயிற்சி வேண்டாம், வைத்தியம் வேண்டும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் குரைத்தால் வாரியத்துக்கு எழுதலாம். ஆனால் அதன் தலைமையகம் இப்போது வால்மீகி நகரில் இல்லை. ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. கொட்டிவாக்கத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். மனு எழுத உட்காரும் முன் கேட்டில் ஷீட் அடித்துப் பார்த்துவிடுங்கள்.