பறக்கிற சாமான் விற்கும் கடை

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவனுக்குக் கடை வைப்பது பெரிய காரியம் இல்லை. புங்குடுதீவார் கொழும்பிலும் அதற்கு அப்பால் சிங்களப் பட்டினங்களிலும் போய்க் கடை போட்டே பேர் எடுத்தவர்கள். அந்தத் துணிவில்தான் நானும் வேலணை வங்களாவடிச் சந்திக்குக் கிட்ட ஒரு கடை திறந்தேன். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் அரிசி, சீனி, பருப்பு விற்றார்கள். நான் பட்டம், தூண்டில், கரம் போட், சாயப்பெட்டி, முத்திரை அல்பம் விற்கிறேன். இல்லாவிட்டாலும் ஒருவரும் சாகாத வகைச் சாமான்கள்.

கொழும்பில் கடை நடத்தி இளைப்பாறி ஊரோடு வந்திருக்கும் ஒரு பெரியவர், வாங்கில் குந்தி என் தட்டுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பசிக்குச் சாமான் வித்தால் சனம் பின்னேரமும் வரும். நீர் பறக்கிற சாமான் விக்கிறீர். அது போனால் போனதுதானே." அவர் அன்று வாங்கினது ஒரு நுளம்புச்சுருள்.

கடையின் உண்மையான முதலாளி வாடைக்காற்று. ஐப்பசிக்குப் பிறகு எழும்பித் தை முடியும்வரை அடிக்கும். செங்கை ஆழியான் நெடுந்தீவை வைத்து எழுதிய நாவலுக்கே 'வாடைக்காற்று' என்றுதான் பேர். 1978இல் படமாகவும் வந்தது. அந்தக் கதையில் வாடையோடு வாடி போட்டு மீன் பிடிக்கிறவர்கள் வருவார்கள், காதலும் வரும். என் கடைக்கு வாடையோடு வருகிறவர்கள் பெடியள். பெடியளிடம் எல்லாம் இருக்கும், காசைத் தவிர.

ஒரு கொக்குப் பட்டத்தின் கணக்கைக் கேளுங்கள். மூங்கிலைப் பிளந்து, இரண்டு பக்கமும் ஒரே நிறை வரும்வரை கத்தியால் சீவி, விரலில் வைத்துச் சரிபார்த்து, நூலால் வரிந்து கட்ட வேண்டும். கோதுமை மாப் பசையில் ரிசுப்பேப்பர் ஒட்ட வேண்டும். நூல் பூட்டுகிற முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். கடைசியில் விண். பார்சல் கட்டுகிற நாடாவை வில்லில் இழுத்துக் கட்டி, ஊதிப் பார்த்து, சத்தம் பிடிக்காவிட்டால் அவிழ்த்து, திரும்பவும் கட்ட வேண்டும். ஒரு பகல் இதிலேயே போய்விடும். இவ்வளவும் முடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டால், பெடியன் வருவான். சாண் போட்டு அளப்பான். போனில் முன்னாலும் பின்னாலும் படம் எடுப்பான். "வடிவாய்க் கட்டியிருக்கிறியள் அண்ணை" என்பான். பிறகு இரண்டு ரிசுப்பேப்பர் கேட்பான், அதுவும் "அப்பான்ர கணக்கில எழுதுங்கோ" என்று. மூங்கில் அவனுக்கு ஆரோ ஒருவருடைய வளவில் சும்மா கிடைக்கும். அடுத்த நாள் என் பட்டத்தின் தம்பி வேலணைக்கு மேலே நின்று விண் கூவும். கடைக்குள் இருக்கிற எனக்கு அது வடிவாய்க் கேட்கும்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டி எங்கள் தொழிலுக்குப் பெரிய விளம்பரம். ஆனால் அங்கே ஏறுவதெல்லாம் கப்பலும் யானையும் கோபுரமுமாகச் சொந்தக் கையால் கட்டினவை. கடையில் வாங்கிக்கொண்டு போனால் அங்கே மானம் போய்விடும். போதாக்குறைக்கு 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியன் பட்டக் கயிற்றை விடாமல் பிடித்தபடி தானும் ஆகாயத்துக்குப் போன வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அந்தக் கிழமை இரண்டு வகை ஆட்கள் கடைக்கு வந்தார்கள். "அந்தக் கயிறு இருக்கோ?" என்று கேட்ட பெடியள் ஒரு வகை. "இனி என்ர பிள்ளைக்கு நூல் குடுத்தியளோ, பாருங்கோ" என்ற தாய்மார் மற்ற வகை. இரு வகையாலும் வியாபாரம் இல்லை.

அடுத்த வருசம் நாடே தலைகீழாய்க் குத்தியது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லையென்று மேல் மாகாணப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டன. பரீட்சைக்கே தாள் இல்லாத நாட்டில் நான் பட்டத்துக்குத் தாள் தேடி யாழ்ப்பாணத்து மொத்தக் கடைகளில் ஏறி இறங்கினேன். "உமக்கு வேற வேலை இல்லையோ?" என்று ஒரு முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து மே மாதத்துக்குள் 360இல் போய் நின்றது. நான் கட்டின எந்தப் பட்டமும் அவ்வளவு வேகமாய் ஏறினதில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் மட்டும் போனது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு; ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ஆக்கினார்கள். இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போக வழியில்லாதவர்கள் புங்குடுதீவுப் பாலத்தில் நின்று தூண்டில் போடத் தொடங்கினார்கள். பொழுதுபோக்குக்கு என்று எடுத்துப் போட்ட தங்கூசியும் ஊசியும் ஈயமும் கறிக்கு வழி பார்த்தன. நானும் முதல்முறையாக அத்தியாவசியப் பொருள் விற்கிறவனாகத் தலை நிமிர்ந்தேன். காசு? அதுவும் கொப்பியில்தான். கடன் கொப்பி மட்டும் என் கடையில் ஒரு காலமும் தட்டுப்பாடானதில்லை.

ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் படகு ஏறக் குறிகட்டுவானுக்குப் போகும். அத்தனை பஸ்ஸும் என் வாசலால்தான் போகிறது. போகத்தான் செய்கிறது. நிற்கிறவர் தண்ணிப் போத்தல் கேட்பார். திரும்பி வருகிறபோது நிற்கிறவர் கழிப்பறை கேட்பார்.

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர். 1990, 91 இடப்பெயர்வோடு பூட்டின வீடுகளைத் திறந்து பார்க்க, சுவிஸ், பிரான்ஸ், கனடாவில் இருந்து பிள்ளைகளோடு வருவார்கள். "நாங்கள் சின்னனில இதுதான் ஏத்தினது" என்று பட்டத்தைத் தடவிக் கண் கலங்குவார்கள். பிள்ளை நிமிர்ந்து பாராமல் போன் நோண்டும். விலையைச் சொன்னவுடன் அதை பிராங்கில் மாற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்த பிறகு ரூபாயில் குறைத்துக் கேட்பார்கள். பட்டம் பிளேனில் கொண்டுபோக ஏலாதாம். கடைசியில் தகப்பன் ஒரு பம்பரம் எடுப்பார், சில்லறைக்கு எனக்குத்தான் அலைச்சல். முத்திரை அல்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இவர்கள் கடிதம் போட்ட காலத்தில் தீவு முழுக்க வெளிநாட்டு முத்திரை புழங்கியது. வட்ஸ்அப்பில் எந்த நாடு முத்திரை ஒட்டுகிறது?

ஆக, கடையின் கரண்ட் பில்லைக் கட்டுவது பட்டம் இல்லை. போன் ரீலோட், போட்டோக் கொப்பி, அந்த நுளம்புச்சுருள் மூன்றும்தான். அவற்றைப் பெயர்ப்பலகையில் எழுதவில்லை, எனக்கும் கொஞ்சம் ரோசம் இருக்கிறது.

முதல் போடுகிறது மனைவியின் சங்கிலி. ஒவ்வொரு வருசமும் ஐப்பசியில் வங்கிக்கு அடைவு போகும், மாசியில் மீண்டு வரும். போன முறை அடைவு வைத்துவிட்டுச் சந்தோசமாய் வந்து சொன்னேன்: "இஞ்சரும், பவுன் ஏறினதாலை அதே சங்கிலிக்கு இந்த முறை கூடத் தந்திருக்கிறாங்கள்." ஒரு காலம் ஒரு லட்சத்துக்குள் நின்ற பவுன் இரண்டு லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்: "அப்ப, கடையை வைச்சிருக்காமல் சங்கிலியை மட்டும் வைச்சிருந்தால் எங்களுக்கு எவ்வளவு மிச்சம்?"

கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மூங்கில் வேறு ஏற்றி வரவேண்டியிருக்கிறது, வாடை தொடங்கப் போகுது.