பழைய துப்பாக்கிக்குப் பேரீச்சம்பழம்

நான் சின்னப் பையனாக இருந்தபோது பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பேரீச்சம்பழக்காரர் வருவார். தள்ளுவண்டி, கையில் மணி, தொண்டையில் கரகரப்பு. ஈயம், பித்தளை, பழைய இரும்பு எது கொடுத்தாலும் பேரீச்சம்பழம். மணிச் சத்தம் கேட்டதும் தெருவே பரபரக்கும். ஆனால் அத்தனை பரபரப்பிலும் எந்த வீட்டிலிருந்தாவது நல்ல அண்டா வெளியே வந்ததுண்டா? ஓட்டை வாளி வரும். கைப்பிடி போன வாணலி வரும். பையன்கள் நாங்கள் பால்பவுடர் டப்பாவில் மண்ணை அடைத்து, மூடியைக் கல்லால் நசுக்கி, எடைக்குக் கொண்டுபோவோம். அவர் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டுவார். பிறகு எங்களைப் பார்ப்பார். அதோடு வியாபாரம் முடிந்துவிடும்.

ஏதாவதொரு அரசாங்கம் ஜனங்களிடம் ஆயுதத்தைக் கேட்கிறது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வருகிறது.

நம் பக்கத்தில் இந்த வசூலைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தவர் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் மற்ற பாளையக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார். அந்தக் கையோடு உத்தரவு: கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. பேரீச்சம்பழமெல்லாம் கிடையாது, மரத்தில் தொங்கிய கயிறுதான் விளம்பரப் பலகை. எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டியிருப்பார்கள். பரணில் கிடந்த எந்தெந்த ஓட்டை வாளிகள் கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஊகிக்கச் சரித்திர ஞானம் வேண்டாம், எங்கள் தெருவில் வளர்ந்திருந்தால் போதும். வேலை முடிந்தது என்று பானர்மேன் சீமைக்குக் கப்பலேறினார். பிற்பாடு பினாங்குக்கு ஆளுநராகவும் ஆனார்.

1801 பிப்ரவரி 2. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து நழுவினார்கள். மேஜர் மெக்காலே படையைத் திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால், தரைமட்டமாக்கிய கோட்டை நின்றுகொண்டிருக்கிறது. ஆறே நாளில் கட்டியது. (எங்களுக்குப் பக்கத்தில் ஈஜிபுரா மேம்பாலத்துக்கு 2017இல் வேலை தொடங்கியது. வருஷக்கணக்கில் தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. அந்த டெண்டரை ஊமைத்துரைக்குக் கொடுத்திருக்கலாம்.) கோட்டை வந்த கதைகூடப் பரவாயில்லை, மண்ணும் ஆளும் இருந்தால் எழுப்பிவிடலாம். மதிலுக்குப் பின்னால் நின்றவர்கள் கையில் ஈட்டியும் துப்பாக்கியும் இருந்தனவே, அவைதான் ஒப்படைத்தாகிவிட்டதே? மெக்காலே திரும்பி நடந்தார். மார்ச் கடைசியில் பெரிய படையோடு மறுபடி மோதியும் பலிக்கவில்லை. கோட்டை விழ மே 24 ஆயிற்று.

இந்தச் சண்டையில் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்பில் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். அந்த வாத்தியாரைத்தான் அதே 1801 அக்டோபரில் கும்பினி திருப்பத்தூரில் தூக்கில் போட்டது. துரோணர் கேட்டது கட்டைவிரல் மட்டும்தான், இங்கே குருதட்சிணை தலைகீழாகப் போய்விட்டது.

பிறகு வைஸ்ராயாக லிட்டன் பிரபு வந்தார். 1878இல் ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம்: இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு, இந்தியர் துப்பாக்கிக்கு லைசென்ஸ். வெள்ளைக்காரருக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு உண்டு. கல்கத்தாவில் அமிர்தபஜார் பத்திரிகை ராத்திரியோடு ராத்திரியாக இங்கிலீஷ் பத்திரிகையாக மாறி முதல் சட்டத்திலிருந்து தப்பித்தது. துப்பாக்கிக்கு அப்படி பாஷை மாற்ற வழியில்லை. ரிப்பன் பிரபு வந்து பத்திரிகைச் சட்டத்தைத் தூக்கினார், ஆயுதச் சட்டத்தைத் தொடவில்லை. சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான், 1959இல், நம் ஆட்கள் வேறு சட்டம் எழுதினார்கள். அதிலும் லைசென்ஸ் இருந்தது.

கொடவர்கள் மட்டும் இதிலெல்லாம் சிக்காமல் குடகு மலைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கிடைத்த லைசென்ஸ் விலக்கு இன்னும் செல்லும், 2029 வரை நீட்டிப்பு வாங்கியாயிற்று. அங்கே ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூவைத்துக் கும்பிடுவார்கள். அவர்களிடம் போய்ப் பேரீச்சம்பழம் நீட்டிப் பாருங்கள்.

1983இலிருந்து ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2019இல் அதை ஒன்றாகக் குறைக்க டில்லியில் மசோதா கொண்டுவந்தார்கள். ராஜஸ்தான், பஞ்சாப் பக்கமிருந்து எழுந்த ஆட்சேபணையில் ஒன்று இரண்டானது. காய்கறிக் கடையில்கூட இவ்வளவு சுலபமாகப் பேரம் படியாது. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருஷம் அவகாசம். பாகப்பிரிவினையில் யாரும் கேட்காத தாத்தாவின் துப்பாக்கிகளுக்கு அன்றைக்கு யோகம் அடித்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கினால் நல்ல சரக்கு வருமா? ஆஸ்திரேலியாவில் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு, குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்து, வரி போட்டுக் காசு திரட்டி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கியை அரசாங்கம் வாங்கி நொறுக்கியது. அங்கேயும் பிரதமர் ஜான் ஹோவர்டு துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்துக்குக் கோட்டுக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டுதான் போனார். அமெரிக்காவில் கதை வேறு. விரும்பினால் கொடு, கேள்வி கேட்க மாட்டோம், பரிசு அட்டை தருகிறோம் என்பார்கள். 2022இல் நியூயார்க் மாநிலத்து யுடிகா ஊரில் ஒரு ஆசாமி, வீட்டு முப்பரிமாண அச்சு யந்திரத்தில் துப்பாக்கிப் பாகங்களை பிளாஸ்டிக்கில் சுடச்சுட அச்சடித்துக் கொண்டுபோய்க் கொட்டி, 21,000 டாலருக்குப் பரிசு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். விதிமுறையில் அதற்குத் தடை இல்லை. அதிகாரிகள் அதற்குப் பிறகுதான் விதியைத் திருத்தினார்கள். எங்கள் ஆள் டப்பாவை ஆட்டிப் பார்ப்பார் என்று சொன்னேனே, அந்தப் பயிற்சி அங்கே யாருக்கும் இல்லை.

எங்கள் ஊரில் காசு கிடையாது, தேர்தல்தான். தேதி அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு எதிரே மெட்ராஸ் சாப்பர்ஸிலிருந்து ரிட்டயரான சுபேதார் மாமா இருக்கிறார். அவருடைய டபுள் பேரல், ஓசூர் பக்கம் மாமனார் நிலத்தில் பன்றி விரட்டியது. நிலம் போயிற்று, பன்றி போயிற்று, லைசென்ஸ் மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2023இல் சட்டமன்றத்துக்கு ஒரு தரம், 2024இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு தரம், வருஷாவருஷம் பிறந்தவீட்டுக்குப் போய்வரும் மருமகள் மாதிரி அது போய்வந்தது.

ஒரு தரம் துணைக்கு நானும் போனேன். அத்தையின் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி, இரண்டு முனையிலும் சணல் கயிறு. ஆட்டோக்காரர், “என்ன சார், கர்ட்டன் கம்பியா?” என்றார். ஸ்டேஷனில் ரைட்டர் புடவையைப் பிரித்தார். குழாய்க்குள் டார்ச் அடித்தார். ஒரு குளவிக்கூடு இருந்தது.

“கடைசியா எப்ப சுட்டீங்க?”

“நானா? நான் சுட்டதே இல்ல. மாமனார் சுட்டார்.”

“யாரை?”

“பன்னிய சார்.”

ரைட்டர் ரசீது எழுதினார். அட்டை கட்டினார். குளவிக்கூட்டைப் பற்றி ரசீதில் எதுவும் எழுதவில்லை. எலக்‌ஷன் முடிந்து திரும்பி வந்தபோதும் அது பத்திரமாக இருந்தது.

போன வாரம் தெருவில் பழைய சாமான் டெம்போ வந்தது. இப்போது மணி இல்லை, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: பழைய பேப்பர், இரும்பு, பிரிட்ஜ், வாஷிங் மிஷின், இன்வெர்ட்டர் பேட்டரி. மாமா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏ, நம்ம டபுள் பேரலுக்கு இவன் என்னடி குடுப்பான்?”

உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது.

“அத எடுத்துக்கினு போறதுக்கு நம்ப கிட்ட எவ்ளோ கேக்கறான்னு மொதல்ல கேளுங்க.”