ஜே கே பி ஓ அரைப்புள்ளி

பார்வையற்ற மாணவர்களுக்கு மின்னூல் வெளியிடும் விழாக்களைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு. முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருப்பார்கள். படம் நன்றாக விழ வேண்டுமே. சிறப்பு விருந்தினர் மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டுவார். 'இனி இந்தச் செல்வங்கள் யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை' என்பார். கைதட்டல். தட்டிய விசை எதைத் திறந்தது என்று அவரும் பார்க்க மாட்டார், ஏற்பாடு செய்தவரும் பார்க்க மாட்டார். அந்தக் கூடத்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பத்துப் பேர்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை.

திறந்தது ஒரு பிடிஎஃப். அச்சுப் புத்தகத்தின் முதுகைப் பிரித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, இடையிடையே ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலையும் சேர்த்துத் தொகுத்தது. கோப்பில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதற்குள் போய்த் தேடிப் பார்த்துவிட்டு மௌனமாகிவிடும். அங்கே எழுத்து கிடையாது. எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. பார்வையற்றவருக்கு முந்நூறு பக்கப் புகைப்படத் தொகுப்பைப் பரிசளிக்கும் பெருந்தன்மை நம்மைத் தவிர யாருக்கு வரும்?

ஸ்கேன் வேண்டாம், தட்டச்சு செய்தே தருகிறோம் என்று சிலர் மனமிரங்குவார்கள். எதில் தட்டச்சு செய்வார்கள்? டிடிபி கடையில் இருபது வருடமாகக் கை பழகிய பழைய எழுத்துருவில். திரையில் அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பானுக்குக் கண் கிடையாது. உள்ளே இருப்பதைத்தான் அது படிக்கும். உலகின் மூத்த மொழி, செம்மொழி, அமுதமொழி எல்லாம் பார்வையற்ற மாணவனின் காதில் ஜே கே பி ஓ அரைப்புள்ளியாகத்தான் போய் விழுகிறது. தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது 1991-இல். யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். ஆணை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதையும் பழைய எழுத்துருவில்தான் அடித்தார்களா என்று கேட்டுவிடாதீர்கள், யாராவது வருத்தப்படுவார்கள்.

சரி, யூனிகோடிலேயே தந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். குரல் கணீரென்று வாசிக்கிறது. ஆசிரியர் வகுப்பில் சொல்கிறார்: 'பக்கம் 112, மூன்றாவது பத்தி.' பக்கத்துப் பையன் புரட்டி எடுத்துவிடுகிறான். நம் மாணவி தலைப்புகளைத் தாண்டிப் போவதற்கான எச் விசையைத் தட்டுகிறாள். 'அடுத்த தலைப்பு இல்லை' என்கிறது கணினி. முந்தைய தலைப்பும் இல்லை. முந்நூறு பக்கத்தில் ஒரு தலைப்புகூட இல்லையா? இருக்கிறது. பெரிய எழுத்தில், தடித்த எழுத்தில், நடுவில் நிறுத்தி, அடிக்கோடும் போட்டு, எல்லாம் கண்ணுக்கு மட்டும் செய்து வைத்திருக்கிறார்கள். பொருளடக்கமும் உண்டு, அதில் இயலின் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே விரல் நோக நோகப் புள்ளி வைத்திருக்கிறார்கள். குரல் அதையும் விசுவாசமாக வாசிக்கிறது: புள்ளி புள்ளி புள்ளி புள்ளி. கடைசியில் சொல்லும் பக்க எண்ணைத் தட்டினால் எங்கும் போகாது. எண்ணைக் கொடுத்துத் தாவினாலும் வேறு இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். முன்னுரையும் வாழ்த்துரையும் அணிந்துரையும் எட்டுப் பக்கத்தைத் தின்றிருந்தால், நூலின் 112 கோப்பின் 120 ஆகிவிடும். அவள் அம்புக்குறி விசையை அழுத்தி அழுத்தி மூன்றாவது பத்தியைக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. 'இதுகளுக்குக் கணினி வராது சார்' என்று ஆசிரியர் அறையில் ஒருவர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

இந்தக் கொடுமையைத் தீர்க்க என்ன செலவாகும்? வேர்டில் தலைப்பு வரியில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது உண்மையான தலைப்பாகிவிடும். உட்தலைப்புக்கு 2. பொருளடக்கம் தானே உருவாகும், தட்டினால் போகவும் செய்யும். பிடிஎஃப் ஆக்கும்போது தலைப்புகளைக் கொண்டு அடையாளக்குறிகள் உருவாக்கவா என்று அந்த மென்பொருளே ஒரு கட்டத்தை நீட்டுகிறது. ஒரு டிக். அவ்வளவுதான். புள்ளி வைப்பதற்குச் செலவிட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அடுத்தது ஒலிநூல். தன்னார்வலர் ஒருவர் தொண்டை வறள முழு நூலையும் வாசித்துக் கொடுத்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கும்பிடத்தான் வேண்டும். அதை வாங்கி ஒரே எம்பி3 கோப்பாக, பதினான்கு மணி நேரத்துக்கு ஒரே தொடக்கமும் ஒரே முடிவுமாக ஒட்டித் தருகிறார்களே, அவர்கள் மேல்தான். இதற்கென்றே டெய்சி என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதை வளர்த்த கூட்டமைப்பு 1996-இல் தொடங்கியது. முறையாகச் செய்த டெய்சி நூலில் இயலுக்கு இயல், பக்கத்துக்குப் பக்கம் தாவலாம். 112 என்று கொடுத்தால் அச்சுப் புத்தகத்தின் 112-க்கே போகும். தேர்வுக்கு முக்கியமான இடத்தில் அடையாளக்குறி வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்த வசதிகளெல்லாம் இபப் என்னும் மின்னூல் வடிவத்திலும் வந்துவிட்டன. படிக்கும் கருவிக்குப் பணமில்லை என்று கைவிரிக்கவும் முடியாது. என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த வேலை அது. அவர்கள் மென்பொருளையே எழுதிவிட்டார்கள். நம்மால் தலைப்புக்கு மூன்று விசை அழுத்த முடியவில்லை.

அதோடு நின்றால்கூடப் பொறுக்கலாம். மேடையேறி, 'பார்வையற்றவர்களுக்கு நினைவாற்றல் அபாரம், அது இறைவன் கொடுத்த வரம்' என்று உருகுகிறார்களே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எந்த இறைவன்? புத்தகத்தில் குறி வைக்க இடம் தராமல், 'மண்டையில் வைத்துக்கொள்' என்று விரட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்தால் அதற்கு ஆண்டவன் பெயரில் ரசீது போடுகிறீர்கள். மற்ற மாணவர்கள் மறக்கலாம், புரட்டிப் பார்க்கலாம், ஓரத்தில் மடித்து வைக்கலாம். இவர்களுக்கு மறக்கும் உரிமைகூட இல்லை.

அடையாளக்குறியின் அருமை அதிகாரிகளுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அரசு அலுவலகத்தில் ஒரு தடித்த கோப்பை ஃபிளாக் வைக்காமல் மேலே அனுப்பிப் பாருங்கள். எந்த அரசாணை, எந்தக் கடிதம், எந்தப் பக்கத்தில் கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, ஏ, பி, சி என்று எழுதி வைத்தால்தான் பிரிப்பார்கள். இல்லையென்றால் கோப்பு வந்த வேகத்தில் திரும்பி வரும். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவருக்கு ஐம்பது பக்கக் கோப்பில் ஆறு ஃபிளாக். பார்வையற்ற மாணவிக்கு முந்நூறு பக்க நூலில் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நூல்களை மாற்று வடிவில் ஆக்கப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2012-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா. ஆம், முதலிடம் நமக்குத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல் விதிகளை வெறும் அறிவுரையாக வைத்திருக்காதீர்கள், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுத்துத் தாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்குச் சொன்னது. எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவ்வளவும் பகுதி, பிரிவு, உட்பிரிவு என்று எண் போட்டு, தேடி எடுக்க வசதியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மீற வேண்டிய பிரிவை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்.

எனவே மின்னூல் ஒப்பந்தத்துக்கான பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள். குழு அமைக்காதீர்கள், கருத்தரங்கம் நடத்தாதீர்கள். பார்வையற்ற மாணவர் ஒருவரை உங்கள் அறைக்கு அழையுங்கள், நாற்காலி கொடுங்கள். ஒப்பந்ததாரர் கொண்டுவந்த கோப்பைத் திறந்து, 112-ஆம் பக்கத்துக்குப் போய் ஒரு குறி வைத்து, மூடிவிட்டு, மறுபடி திறந்து அதே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். வர முடியவில்லை என்றால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள், ஃபிளாக் இல்லாத கோப்பை அனுப்புவீர்களே, அதே கோபத்தோடு. அது சரியாகி வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.