அம்மனுக்கு லீவு உண்டா?

வெள்ளிக்கிழமை என்றால் போளூர் சனமே படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கிளம்புகிறதே, மற்ற நாட்களில் அம்மனுக்கு லீவா?
– வாசகி, போளூர்

அம்மனுக்கு ஏது லீவு? ஒருநாளாவது அடுப்பை அணைத்துவிட்டு வெளியே கிளம்ப வழி தேடியவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். அந்த வழிக்குப் பெயர் வெள்ளிக்கிழமை!

இன்னொரு வேடிக்கை. வெள்ளி சுக்கிரனுடைய நாள். நம் சுக்கிரன் ஆண், அசுரர்களுக்குக் குரு. ஆனாலும் அவர் கிழமையை அம்மன் எடுத்துக்கொண்டாள். ரோமானியர்கள் அதே கிரகத்துக்கு வீனஸ் என்ற பெண் தெய்வத்தின் பெயரையே வைத்து, நாளையும் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும் பொது. புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் நம்மூர்க் கூட்டம் சம்பத்கிரி மலையேறி நரசிம்மரிடம் போய்விடும்.

ஆடி வெள்ளியில் படவேட்டில் நிற்க இடம் கிடைக்காது. பொங்கல் பானையும் வேப்பிலையுமாக ஜவ்வாது மலையடிவாரமே திரண்டு வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நிற்பதும் ஒரு வழிபாடுதான்; அதை நான் விடமாட்டேன். ஆனால் மனசில் பாரம் இருந்து, அவளிடம் நிதானமாகச் சொல்லி அழ வேண்டுமென்றால், ஒரு சாதாரண புதன்கிழமை போய்ப் பாருங்கள் அம்மா. வரிசை இருக்காது. அவள் இருப்பாள்.