மூடியத் தெறலே, பேராண்டி

ஏலே பேராண்டி, இங்கன வா. மூஞ்சி ஏன் உம்முன்னு கெடக்கு? சிபியு மாத்தணுமா? எதைல மாத்தப் போற? நம்மூர்ல பெட்டி மொத்தத்துக்கும் சிபியுன்னுதான பேரு. உள்ள தீப்பெட்டியவிடச் சின்னதா ஒரு சில்லு குந்தியிருக்கே, அதுதாம்ல நெசமான சிபியு. முழிக்காத. பாதி ஆயுசு ஆயில் இஞ்சின், மீதி ஆயுசு பிரவுசிங் சென்டர்னு ரெண்டையும் பிரிச்சு மேஞ்சவன் நான்.

உன் கூட்டாளி செஞ்ச கூத்து தெரியும்லா? அவன் மதர்போர்டு 1151 சாக்கெட்டு. வாங்கியாந்த சில்லும் 1151. கணக்குல புலி! மாட்டினான். காத்தாடி சுத்துச்சு, தெரையில ஒண்ணையும் காணோம். ஏன்? 2015ல 1151ன்னு ஒண்ணு விட்ட இன்டெல்காரன், 2017 கடைசியில எட்டாந்தலைமுறையையும் அதே 1151ல விட்டான். ஆனா அதுக்கு 300 சீரிஸ் போர்டு வேணும்; பழைய 100, 200 சீரிஸ்ல ஓடாதுன்னுட்டான். அளவு சரியாயிருந்தா அடுத்த வீட்டுக்காரன் சட்டை உன் சட்டை ஆயிருமால?

ஏஎம்டிகாரன் கொஞ்சம் ஈர மனசுக்காரன். 2017ல ரைசன் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022லகூட 5800எக்ஸ்3டின்னு ஒண்ணு விட்டான். அங்கயும் அந்தப் போர்டுக்குப் புது பயாஸ் வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் காசை அவுக்கணும்.

உன் பெட்டிக்கு வருவோம். ஐ3-2100, ஹெச்61 போர்டு, 1155 சாக்கெட்டு. 2011 சரக்கு. உனக்கு முந்தியே பள்ளிக்கூடம் போன பெட்டில இது! இதுக்கு இன்டெல்ல ரெண்டாந்தலைமுறை, மூணாந்தலைமுறை, அம்புட்டுதான் வாசல். போர்டுலயே அதோட மாடல் பேரு அச்சடிச்சிருக்கும். அந்தக் கம்பெனி சைட்டுல சிபியு சப்போர்ட் லிஸ்ட்டுன்னு ஒண்ணு போட்டிருப்பான். அதப் படிச்சியா? படிக்க மாட்டியே. மூணு மணி நேரம் யூடியூப் பாப்ப.

லிஸ்ட்டுல ஐ7-2600 இருந்தா பழசா ஒண்ணு தேடிப் போட்டுக்க. ஐ7-3770 இருந்தா பக்கத்துல எந்த பயாஸ்னு எழுதியிருக்கும். அந்த பயாஸ அப்டேட் போட்டுட்டு அப்புறமா பழைய சில்லக் கழட்டு. முந்தியே கழட்டிட்டா எதை வச்சுல அப்டேட் போடுவ? யூபிஎஸ் இல்லாம அதுல கைய வைக்காத. பாதியில கரண்டு போச்சுன்னா போர்டு காயலான் கடைக்குத்தான். சாக்கெட்டுக்குள்ள வெரலையும் விட்டுராத. பின்னு மயிரு கணக்கா இருக்கும். பேஸ்ட்டு ஒரு பட்டாணி அளவு போதும். தோசைக்கு நெய் ஊத்துற மாதிரி ஊத்தாத.

"போர்டையே புதுசா வாங்கிருதேன்"ங்கியா? எலி கோவணத்தக் கடிக்குன்னு பூனை வளத்த சாமியாரு கதைதான். புதுப் போர்டுல உன் டிடிஆர்3 ராம் ஏறாது. வெட்டு வேற எடத்துல இருக்கு. அப்ப ராம் வாங்கணும். பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காதும்பான் கடைக்காரன். பெறவு கேபினட்டு. கடைசியில உன் பெட்டியில மிஞ்சுறது கீபோர்டும் எலியும். அதுவும் நாய் கடிச்ச எலி.

விண்டோஸ் 11 ஒண்ணுக்குத்தான் இந்தப் பாடுன்னா அதுல ஞாயம் இருக்கு. 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமா குடுத்த பாதுகாப்பு அப்டேட்ட நிப்பாட்டிட்டான். 11க்கு டிபிஎம் 2.0 கேக்கான்; இன்டெல்னா எட்டாந்தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும்ங்கான். 3770 போட்டாலும் நீ அந்தப் பந்தியில உக்கார முடியாது. லினக்ஸு போட்டு ஓட்டு, அது பந்தி பாக்காது.

சரி, பெட்டிய வச்சு என்ன கிழிக்க? கரண்டு பில்லு கட்டுத, படம் பாக்குத, ரெண்டு கடுதாசி அடிக்க. "மெதுவா இருக்கு"ங்கியே, உள்ள கெடக்கது பழைய ஹார்டு டிஸ்க்குதான? அதத் தூக்கிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டிப் பாரு. ராம் 4 ஜிபின்னா எட்டாக்கு. அதுக்குப் பெறவும் குறுக்கு வலிச்சா சில்லப் பத்திப் பேசுவோம்.

எப்பல கடைசியா இந்த மூடியத் தெறந்த? கட்டினதுல இருந்து தெறக்கலியா? கொண்டா அந்த ஸ்க்ரூடிரைவர. ...பாத்தியா? காத்தாடிய ஒட்டி மூணு பல்லி முட்டை. பைய எடு, ஒடச்சுராத.