மூங்கில் தட்டும் ஒடைஞ்ச சட்டியும்

வாய்யா பேராண்டி, பைய எறங்கு. டிக்கியில உன் துணி ஒரு பை. நாய்க்கு நாலு பை, பூனைக்கு மூணு, போதாததுக்கு மெத்தை ஒன்னு. எல்லாத்துலயும் பச்சை எலைப் படம் வேற. மூங்கில் தட்டு, மூங்கில் சீப்பு. அந்த மூங்கில் பெங்களூரு வந்து சேர்றதுக்குள்ள என்னைய விட அதிகமா ஊர் பாத்திருக்கும் போலயே! நாங்க நாய்க்குச் சோறு வச்சது ஒடைஞ்ச மண்சட்டியில. புதுசு வாங்குற சோலியே இல்ல, ஒடைஞ்சதுதான அதுக்குத் தகுதியே.

இது ஹஸ்கியா? சைபீரியாவுல பனியில வண்டி இழுக்கப் பொறந்த சாதி. உன் வீட்டுல ஏசியில படுத்துக்கிட்டு கரண்டு மீட்டரை இழுக்குது. நமக்குத் தெக்க ராஜபாளையம், சிப்பிப்பாறை. மேக்க போனா கோம்பை. ராஜபாளையம் நாயைக் கவர்மெண்டே 2005-ல தபால்தலையில போட்டுச்சு, நம்ம வம்சத்துல ஒருத்தனையும் போடல. சரி, வாங்கிட்ட. இனி தெருவுல விட்டுட்டு ஓடிராத. வெயிலுக்குன்னு மொட்டையும் அடிச்சிராத, அந்த ரெட்டை முடிதான்யா அதுக்குக் குடை.

இந்த மூட்டை என்ன, பூனைக்கு மண்ணா? பெண்டோனைட்டு, குஜராத்துப் பக்கம் கட்சுல வெட்டுற களிமண்ணு. தண்ணி பட்டா உப்பும், ஒட்டும். அடேய், நம்ம கரிசலும் அதுக்குப் பங்காளிதான்டா! ஐப்பசி மழையில நடந்து பாரு, செருப்பு உள்ளங்காலை விட்டு வராது. நாங்க திட்டிக்கிட்டே கழுவுறதை நீ கிலோ கணக்குல காசு குடுத்து வாங்கியாந்திருக்க. மரம் அறுக்குற பட்டறையில தூளு சும்மா கெடக்கு, ரைஸ்மில்லுல உமி கெடக்கு. மருந்து அடிச்ச மரமான்னு மட்டும் கேட்டுக்க.

அள்ளுனதை என்ன செய்வ? மக்கும் பையில கட்டி, மக்காத குப்பையோட மேட்டுல வீசுவ. எங்கிட்டு மக்க? தோட்டத்து மூலையில முழங்கை ஆழம் தோண்டிப் பொதைச்சுரு. கெணத்துக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்கட்டும். கத்திரிக்காப் பாத்தியில போட்டுராதப்பா, இது ஆட்டுப்புழுக்கை இல்ல. நாயோடதுல புழுமுட்டை, பூனையோடதுல வேற கிருமி. உன் பொண்டாட்டி மாசமா இருக்கைல அந்த டப்பாவத் தொடவே கூடாது. ஆமா, நீதான் அள்ளணும். மூஞ்சி ஏன் சுருங்குது?

தீனிதான்யா பெரிய கணக்கு. கிரிகோரி ஓகின்னு கலிபோர்னியா வாத்தியார் 2017-ல போட்ட கணக்கை உன் தங்கச்சி வாசிச்சுக் காட்டுனா. அமெரிக்காவுல கறிக்காக ஆகுற நெலம், தண்ணி, உரத்துல கால்வாசிக்கு மேல நாய் பூனை வயித்துக்குத்தான் போகுதாம். இங்க அந்தப் பயம் இல்ல. தலை, கொடல், ரத்தம், சுவரொட்டின்னு மதுரைக்காரன் எதையும் விடமாட்டான். அதுக்கும் மேல கடைக்காரர் கழிக்கிற சவ்வையும் நுரையீரலையும் வேகவச்சு, கம்பஞ்சோத்துல பெசைஞ்சு வையி. வெங்காயம் மட்டும் ஆகாது. பூனைக்குச் சைவ உபதேசம் பண்ணாத, கறி மீனு இல்லைன்னா அதுக்குக் கண்ணே போயிரும்.

நம்ம டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல கடைசிக் காலத்துல இருந்தாரே குமரப்பா, லண்டன்ல கணக்குப் படிச்ச மனுசன், நெலைச்சு நிக்கிற பொருளாதாரம்னு 1945-லயே புஸ்தகம் போட்டவரு. ஆட்டை அடிக்கிற புலி ஒரு வகை, மாங்கா பறிக்கிற கொரங்கு ஒரு வகை, சேத்து வைக்கிற தேனீ ஒரு வகைன்னு பிரிச்சாரு. ஏசியில படுத்துக்கிட்டு பார்சல்காரனுக்குக் காத்திருக்கிற சாதியை எந்தப் பத்தியில எழுதியிருப்பாரு? நாயைச் சொல்லலப்பா.

எங்க பக்கமும் தப்பு உண்டு, மறைப்பானேன்? அந்தக் காலத்துல வெறிநாய் ஊசி போடல, குடும்பக்கட்டுப்பாடும் பண்ணல. ராத்திரி அவுத்து விட்டா சாப்டூர் மலையடிக்குப் போயி மானை வெரட்டும். அதை வீரம்னு மீசைய முறுக்குனோம். இப்ப அது புலிக்காப்பகம். நீ ஊசி போட்டு, ராத்திரி கட்டிப்போடு. பூனையையும் பொழுது சாஞ்சா உள்ள அடை. விடிஞ்ச ஒடனே தொறந்து விட்டுறாத, அது தவிட்டுக்குருவி தரையில மேயுற நேரம்.

உண்ணி மருந்து போட்டா ரெண்டு நாள் கண்மாயில எறக்காத. இங்கிலாந்துல ஆத்துத் தண்ணியில அந்த நாய் மருந்து கெடக்குன்னு 2020-ல கண்டுபிடிச்சாக. அதுக்காக வேப்பெண்ணெயப் பூனை மேல பூசிராத, நக்கியே படுத்துரும். படுக்குற சாக்கை வெயில்ல ஒதறிப் போடு, மிச்சத்தைக் கோழி பாத்துக்கிரும்.

அங்கிட்டுப் பாருய்யா. உன் ஹஸ்கி மெத்தைய விட்டுட்டு குழாயடி ஈரமண்ணைப் பறிச்சுப் படுத்திருச்சு. நம்ம நாய் மணி எடம் போச்சேன்னு உறுமுறான். ஊருக்குப் போகைல அந்த மெத்தைய வச்சுட்டுப் போ. மூட்டுவலிக்கு ஏத்ததுன்னு அட்டையில போட்டிருக்காம்ல?