நாரையும் நண்பரும்

காஞ்சிபுரத்துத் தறிகளில் அன்னபட்சியையும் இருதலைப்பட்சியையும் நெய்வித்தே ஐசுவரியம் திரட்டிய என் நண்பர், உயிருள்ள பட்சிகளையும் ஒருமுறை தரிசித்துவிட வேண்டும் என்று மார்கழியில் திடீர் ஞானோதயம் பெற்று, கழுத்தில் பைனாகுலரும் தலையில் கம்பளிக் குல்லாயுமாக என்னோடு வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு எழுந்தருளினார். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலான சகல ஜாதியும் குடியேறி, எச்சத்தால் கிளைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அந்த வைபவத்தில், அவர் பார்வை சங்குவளை நாரையின் வாலோரத்து ரோஜா நிறத்தில் போய் நிலைகுத்தியது.

"இந்தச் சாயம் வெளுக்குமோ?" என்றார். நாரையின் சார்பில் நானே உத்தரவாதம் அளித்தேன்.

எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை உணர்ந்த கிராமத்தார், பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். சர்க்கார் அந்த ஏரியைச் சரணாலயம் என்று அங்கீகரிக்க 1936 வரையிலும், உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அது இடம்பெற 2022 வரையிலும் அவகாசம் தேவைப்பட்டது. பட்சிகளோ எந்த உத்தரவுக்கும் காத்திராமல், நீர் நின்றால் வருவதும் வற்றினால் போவதுமாகத் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டன.

இவ்வளவையும் நான் விஸ்தாரமாக வர்ணித்து முடித்ததும், "அதெல்லாம் சரி, அன்னம் எங்கே?" என்றார் நண்பர்.

"அன்னம் இங்கே வருவதில்லை."

"என்ன ஐயா இது, எங்கள் முந்தானையில் தலைமுறை தலைமுறையாக வருகிறதே!" என்று அதிருப்தியுற்றவர், பைனாகுலரை உறைக்குள் போட்டுக்கொண்டே, இந்தக் குறையை எந்த இலாகாவுக்கு மனுச் செய்துகொள்வது என்று வாயிற்காவலரிடம் விசாரிக்கப் போய்விட்டார்.